ஒட்டுறவுக் கெழுக்களைத் தொகுத்தலும் புதுக்கோட்டைக் கல்வெட்டாய்வும்

முன்னுரை

கல்வெட்டுச் செய்திகளை எண்ணிக் கணக்கிட்டு, அக்கணக்கின்வழி வரலாறு காணும் முறை தமிழகத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கி வருகின்றது. ஒருவர் ஒரு வட்டாரத்தில் கண்ட முடிவையும், பிறிதொருவர் வேறொரு வட்டாரத்தில் கண்ட முடிவையும் எங்ஙனம் ஒன்று சேர்ப்பது என்னும் வினாவோ நம் தமிழ்த் துறைகளில் அருகியே எழுப்பப்படுகின்றது. இன்று கணிப்பொறி மென்பொருள்கள் இச்சேர்க்கையை நொடிப்பொழுதில் செய்து தருகின்றன. செய்து தரப்பெறும் எண்ணின் பொருள் யாது, அவ்வெண் எப்பொழுது மெய் கூறும், எப்பொழுது பொய்க்கும் என்பவற்றை அறியாது அதனை ஆய்வேட்டில் எடுத்தெழுதுவது தகாது. ஆகவே, பல ஆய்வுகளில் கிடைத்த ஒட்டுறவுக் கெழுக்களைத் தொகுக்கும் முறை தோன்றி வளர்ந்த வரலாற்றை முதற்கண் கூறி, அது புதுக்கோட்டை மாவட்டக் கல்வெட்டுகளுக்குப் பொருந்துமாற்றைப் பின்னர் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு பொருள்கள் ஒருங்கே ஏறுவதும் இறங்குவதும் எந்த அளவிற்கு என்பதை ஒரே எண்ணால் குறிப்பது ஒட்டுறவுக் கெழு. அது −1 முதல் +1 வரை அமையும். ஒன்று மிகும்போது மற்றதும் தவறாது மிகுமாயின் +1. ஒன்று மிகும்போது மற்றது தவறாது குறையுமாயின் −1. இரண்டிற்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லையாயின் சுழி. இவ்வளவே இங்கு வேண்டற்பாலது.

பியர்சன் தொகுத்த பதினோர் எண்கள்

ஒட்டுறவுக் கெழுக்களைத் தொகுத்த தொடக்ககால முயற்சிகளுள் தலையாயது கார்ல் பியர்சன் 1904ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் இதழில் வெளியிட்டதாகும். அவர் எடுத்துக்கொண்ட பொருள் டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலுக்கான தடுப்பூசி. ஆல்ம்ரோத் ரைட் என்பார் முன்னின்று பரப்பிய அவ்வூசியைத் தென்னாப்பிரிக்கப் போரில் ஈடுபட்ட படைவீரர் சிலர் இட்டுக்கொண்டனர். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினரும் இட்டுக்கொண்டனர். ஊசி இட்டுக்கொண்டமைக்கும் நோயினின்று தப்பியமைக்கும் உள்ள ஒட்டுறவைப் பியர்சன் ஐந்து கூட்டத்தாரிடம் தனித்தனியே கணக்கிட்டார். மருத்துவமனைப் பணியாளரிடம் 0.373, லேடிஸ்மித் காவற்படையில் 0.445, மெத்யூனின் படைப்பிரிவில் 0.191, தனிப் படையணிகளில் 0.021, இந்தியப் படையில் 0.100 என அவை அமைந்தன. இவற்றின் சராசரி 0.226. நோயுற்றோருள் உயிர் பிழைத்தமைக்கும் ஊசிக்கும் உள்ள ஒட்டுறவு ஆறு கூட்டத்தாரிடம் காணப்பெற்றது. அவற்றுள் இந்தியப் படையின் எண் 0.248, லேடிஸ்மித்தின் எண் −0.010, ஆறன் சராசரி 0.193.

சராசரி கண்டதோடு பியர்சன் அமையவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. ஐந்து எண்களும் தம்முள் ஏன் இத்துணை வேறுபடுகின்றன என்று அவர் வினவினார். 0.445 எங்கே, 0.021 எங்கே! தாமே விரும்பி ஊசி இட்டுக்கொண்டவர், உணவிலும் நீரிலும் இயல்பாகவே விழிப்புடையவராக இருந்திருத்தல் கூடும். அவ்வாறாயின் ஊசியின் பயனும் விழிப்பின் பயனும் ஒன்றாய்க் கலந்துவிடும். ஆதலின், ஊசி இட்டுக்கொள்ள முன்வருவோரின் பட்டியலை எழுதி, அதில் ஒருவர்விட்டு ஒருவருக்கு ஊசி இட்டுப் பார்த்தல் வேண்டும் என்று அவர் கூறினார். தொகுத்தல் என்பது தொடங்கிய காலத்திலேயே, தொகைக்குள் அடங்கிய வேறுபாட்டை ஆராய்தலும் உடன் தொடங்கிற்று என்க.

இதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1899இல், பியர்சனும் அவருடன் பணியாற்றியோரும் பிறிதோர் உண்மையைக் காட்டியிருந்தனர். பாரிசு நகரத்து நிலவறைகளில் கிடைத்த மண்டையோடுகளின் நீளத்திற்கும் அகலத்திற்கும் ஆடவரிடையே ஒட்டுறவு ஏறத்தாழச் சுழி. மகளிரிடையேயும் ஏறத்தாழச் சுழி. இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டபோதோ, இல்லாத ஒட்டுறவு ஒன்று தோன்றிற்று. ஆடவர் மண்டையோடு பொதுவாக நீளத்திலும் அகலத்திலும் பெரிது என்பதே அதற்குக் காரணம். எனவே, மூல எண்களை ஒரே குவியலாகக் கொட்டிக் கணக்கிடுதல் வேறு. கூட்டந்தோறும் கெழுவைத் தனித்தனியே கண்டு பின்னர்த் தொகுத்தல் வேறு. முன்னதனினும் பின்னதே நம்பத்தக்கது.

பிஷரும் பின்வந்தோரும்

பியர்சன் கண்ட சராசரியில் பெருங்கூட்டமும் சிறுகூட்டமும் ஒரே மதிப்புப் பெற்றன. ஆயிரம் பேரிடம் கண்ட எண்ணையும் முப்பது பேரிடம் கண்ட எண்ணையும் நிகராக வைத்தல் முறையன்று. மேலும், கெழு +1ஐயோ −1ஐயோ நெருங்குந்தோறும் அதன் பிழை ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். இவ்விரு குறைகளையும் ஆர். ஏ. பிஷர் நீக்கினார். அவர் 1915இலும் 1921இலும் எழுதிய கட்டுரைகளில் கெழுவை வேறோர் எண்ணாக மாற்றும் வழி கூறப்பட்டது. ஒன்றுடன் கெழுவைக் கூட்டி, ஒன்றிலிருந்து கெழுவைக் கழித்து வந்த எண்ணால் வகுத்து, அவ்வீவின் இயல் மடக்கையில் பாதியை எடுத்தலே அவ்வழி. இங்ஙனம் மாற்றிய எண்ணின் பிழை, கெழுவின் அளவைச் சாராது, எண்ணப்பட்டோர் தொகையை மட்டுமே சார்ந்து நிற்கும். தொகையில் மூன்றைக் கழித்து வருவதே அவ்வெண்ணிற்குரிய நிறை. மாற்றிய எண்களுக்கு நிறையிட்ட சராசரி கண்டு, அதனை மீண்டும் கெழுவாகத் திருப்பினால் தொகுத்த கெழு கிடைக்கும்.

பின்னர், 1976இல் ஜீன் கிளாஸ் என்பார் இவ்வகைத் தொகுப்பாய்வுக்கு மெட்டா அனாலிசிஸ் என்னும் பெயரை இட்டார். 1977இல் ஷ்மிட், ஹன்டர் என்னும் இருவர், கெழுக்களை மாற்றாமலே தொகையால் நிறையிடும் முறையை வகுத்தனர். 1985இல் ஹெட்ஜஸ், ஓல்கின் ஆகியோர் இத்துறைக்கு முழுமையான கணித நூல் ஒன்றைத் தந்தனர். 1986இல் டெர்சிமோனியன், லெயர்டு ஆகியோர், ஆய்வுகள் தம்முள் மெய்யாகவே வேறுபடும் என்று கொண்டு தொகுக்கும் முறையைக் கூறினர். 2002இல் ஹிக்கின்ஸ், தாம்சன் ஆகியோர் அவ்வேறுபாட்டை நூற்றுமேனியாகக் குறிக்கும் அளவையை அளித்தனர். நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான ஆர் என்னும் மென்பொருளும், அதனுள் இயங்குமாறு வொல்ப்காங் வீக்ட்பவர் எழுதி 2010இல் விளக்கிய மெட்டஃபோர் என்னும் தொகுப்பும் இம்முறைகளை எவரும் விலையின்றிக் கையாளுமாறு செய்துள்ளன. கெழுக்களின் நிரலையும் தொகைகளின் நிரலையும் உள்ளிட்டால் போதும். எஞ்சியதனைத்தையும் பொறியே செய்து முடிக்கும்.

சோழர் கல்வெட்டாய்வில் எண்ணிக்கை முறை

இனி நம் நாட்டு ஆய்வுக்கு வருவோம். நொபொரு கராஷிமா 1966இல் கோலாலம்பூரில் நிகழ்ந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டில் அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சிற்றூர்களைப் பற்றிய கட்டுரையை அளித்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த இவ்விரண்டனுள் அல்லூரில் நிலம் ஊரார்க்குப் பொதுவாகவும், பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் தனித்தனி உடைமையாகவும் இருந்தமையை அவர் கல்வெட்டுகளைக்கொண்டு காட்டினார். பின்னர், காவிரியின் கீழ்ப்பகுதியிலுள்ள பிற ஊர்களின் நிலவிற்பனைக் கல்வெட்டுகளையும் ஆராய்ந்து, பிற்காலச் சோழர் காலத்தில் தனியுடைமை பரவியது என்னும் கருத்தை வளர்த்தார். 1972இல் சீதாராமனுடன் சேர்ந்து வரிப்பெயர்களைப் பகுத்தெண்ணினார். எ. சுப்பராயலு, மாட்சுயி ஆகியோருடன் அவர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978இல் மதுரையில் வெளிவந்தது; அது கணிப்பொறியின் துணைகொண்டு உருவாயது. சோழர் காலத்தை 849–985, 986–1070, 1071–1178, 1179–1279 என நான்காகப் பகுத்து எண்ணும் வழக்கமும் இவ்வாய்வாளர்களால் நிலைபெற்றது.

இரு சிற்றூர்களில் கண்டதனைப் பல ஊர்களில் வைத்துச் சரிபார்த்தமை இங்கு உற்றுநோக்கத்தக்கது. ஓரிடத்து முடிவை மற்றோரிடத்திற்கு ஏற்றும்முன், அவ்விடத்துச் சான்றைத் தனியே காணுதல் வேண்டும் என்னும் நெறி அதனுள் அடங்கியுள்ளது. கெழுக்களைத் தொகுக்கும் முறையின் உயிர்நிலையும் அதுவே.

புதுக்கோட்டை நிலமும் கல்வெட்டும்

புதுக்கோட்டைத் தனியரசு தன் எல்லைக்குள் கண்ட கல்வெட்டுகளின் மூலங்களை 1929இல் ஒரு நூலாக வெளியிட்டது. அதில் 1130 கல்வெட்டுகள் உள்ளன. 1940களில் கே. ஆர். சீனிவாச ஐயர் அவற்றுட் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1948இல் அவ்வரசு இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கி, 1974இல் தனி மாவட்டமாயிற்று. ஒரு சிறு நிலப்பகுதியின் கல்வெட்டுகள் ஒரே நூலுள் எண்ணிட்டுக் கிடைப்பது எண்ணிக்கையாய்வுக்குப் பெருந்துணையாம்.

ஆயின், இந்நிலம் காவிரிப் படுகையினின்றும் வேறுபட்டது. இங்கு வற்றாத ஆறு இல்லை. கோனாட்டையும் கானாட்டையும் பிரிக்கும் வெள்ளாறு மழைக்காலத்திலேயே பெருகுவது. உழவு குளங்களையும் கண்மாய்களையும் நம்பியது. சபையைக் காட்டிலும் ஊராரும் நாட்டாரும் இக்கல்வெட்டுகளில் மிகுதியாகப் பேசப்படுகின்றனர். கொடும்பாளூரில் இருக்குவேளிர் ஆட்சி நிலவியது. தெலுங்ககுலகாலபுரம் எனப்பெற்ற நார்த்தாமலையில் நகரத்தார் வாழ்ந்தனர். சோழர்க்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளில் ஊராரும் நாட்டாரும் அரையர்களுக்குப் பாடிகாவல் உரிமையை விற்றுக்கொடுத்த செய்திகள் பல உள்ளன. எனவே, நிலவுடைமை பற்றிப் படுகை நாட்டில் மெய்யாகும் ஒன்று இங்கும் மெய்யாகும் என்று முன்னரே கொள்வதற்கு இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

முறையை விளக்கும்பொருட்டு ஒரு கணக்கைப் புனைந்துகொள்வோம். இதில் வரும் எண்கள் எந்தக் கல்வெட்டிலிருந்தும் எண்ணப்பெற்றவை அல்ல, விளக்கத்திற்கென இட்டவை. ஊர்தோறும் சபையின் செல்வாக்குக்கும் தனியார் நிலவிற்பனைக்கும் உள்ள ஒட்டுறவு மூன்று நிலப்பகுதிகளில் காணப்பட்டதாகக் கொள்க. ஆற்றுப் படுகையில் 103 ஊர்கள், கெழு 0.60, ஏரிப்பாசன நிலத்தில் 53 ஊர்கள், கெழு 0.50, வறண்ட மேட்டு நிலத்தில் 28 ஊர்கள், கெழு −0.10.

பிஷரின் மாற்றத்தால் இவை முறையே 0.693, 0.549, −0.100 என்றாகும். நிறைகள் 100, 50, 25. நிறையிட்ட சராசரி 0.539, அதனைத் திருப்பினால் தொகுத்த கெழு 0.49. அதன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பக எல்லை 0.37 முதல் 0.60 வரை. இவ்வெண்ணை மட்டும் காண்போர், மூன்று நிலத்திலும் சபையும் தனியுடைமையும் இணைந்தே வளர்ந்தன என்று முடிவு கட்டுவர். மேட்டு நிலத்தில் அவை இணையவே இல்லை என்னும் செய்தி மறைந்துபோகும்.

இனி, மூன்று எண்களும் ஒருமைப்பாடு உடையனவா என்று சோதிப்போம். ஒவ்வோர் எண்ணும் சராசரியினின்று விலகும் அளவை வருக்கித்து, நிறையால் பெருக்கிக் கூட்டினால் 12.6 வரும். தற்செயலால் மட்டுமே வேறுபட்டிருப்பின், இருபதில் ஒருமுறையே இக்கூட்டல் 5.99ஐக் கடக்கும். 12.6 அதனை நன்கு கடந்துள்ளது. வேறுபாட்டில் நூற்றுக்கு 84 பங்கு மெய்யான வேறுபாட்டால் விளைந்தது என்று ஹிக்கின்ஸ், தாம்சன் அளவை கூறும். டெர்சிமோனியன், லெயர்டு முறையால் தொகுத்தால் கெழு 0.39ஆகக் குறைவதோடு, அதன் நம்பக எல்லை 0.01 முதல் 0.67 வரை விரியும். முன்னர் உறுதியாகத் தோன்றிய முடிவு இப்பொழுது தள்ளாடுகின்றது. பொறி ஒன்றே, எண்களும் அவையே. வினா மாறியதனால் விடையும் மாறிற்று. இந்நிலையில், சராசரியைக் கூறி அமைவதைவிட, மேட்டு நிலம் ஏன் வேறுபட்டது என்று கல்வெட்டுகளைத் திரும்பப் படிப்பதே வரலாற்றாய்வாளர் கடமையாகும்.

எண்ணும்முன் தெளிய வேண்டுவன

கணக்கு எத்துணைத் திருத்தமாயினும், உள்ளிடும் எண்கள் பிழைபட்டால் பயனில்லை. கல்வெட்டாய்வில் நேரக்கூடிய பிழைகள் மூன்றனைக் காண்போம்.

முதலாவது, சான்றுகளின் தனித்தன்மை. தொகுக்கப்படும் ஆய்வுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கணித முறை கொள்கின்றது. சுவடிப் பதிப்பு முறையறிந்த தமிழ் மாணவர்க்கு இதன் இன்றியமையாமை எளிதில் விளங்கும். பத்து ஏடுகள் ஒரு பாடத்தைக் காட்டினும், அப்பத்தும் ஒரே தாயேட்டின் படிகளாயின் அவை ஒரு சான்றே; பத்தல்ல. அவ்வாறே, இரண்டு ஆய்வாளர் ஒரே தொகுதியின் கல்வெட்டுகளை எண்ணி இரண்டு கெழுக்களை வெளியிட்டிருப்பின், அவற்றை இரண்டாகத் தொகுத்தல் ஒரு கல்லை இருமுறை எண்ணுவதாகும். புதுக்கோட்டைக் கல்வெட்டுகளுட் பல, தனியரசின் வெளியீட்டில் ஓர் எண்ணாலும் சென்னைக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளில் பிறிதோர் எண்ணாலும் குறிக்கப்படுகின்றன. இரு பட்டியலையும் ஒப்பிட்டு நோக்காதார் இவ்விழுக்கில் எளிதில் வீழ்வர்.

இரண்டாவது, போலி ஒட்டுறவு. கல்வெட்டுகள் மிகுதியாக எஞ்சிய ஊரில் சபையைப் பற்றிய குறிப்பும் மிகும். நிலவிற்பனைக் குறிப்பும் மிகும். குடுமியான்மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஒன்றிரண்டே கிடைத்த ஊர்களும் உள. இவற்றை ஒருசேர வைத்து எண்ணினால், எந்த இரு பொருளை எடுத்துக்கொண்டாலும் அவற்றிடையே ஒட்டுறவு தோன்றும். மொத்தத் தொகையால் வகுத்துப் பங்காகக் கொண்டால் தீரும் என்று கருதுவதும் பொருந்தாது. ஒரே எண்ணால் வகுக்கப்பெற்ற இரு பங்குகளிடையே போலி ஒட்டுறவு விளையும் என்பதைப் பியர்சன் 1897இலேயே எடுத்துக்காட்டினார். மொத்தத் தொகையின் விளைவைத் தனியே நீக்கிப் பகுதி ஒட்டுறவு காணுதல் ஒரு வழி. எதனை நீக்கினோம் என்பதைத் தெளிவாகக் கூறுதல் அதனினும் முதன்மையானது.

மூன்றாவது, காலப் பிழை. சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். பெயர் கூறாது பட்டமும் ஆட்சியாண்டும் மட்டும் கூறும் கல்வெட்டு, பல மன்னருள் எவருடையது என்பது எழுத்தமைதியையும் உள்ளடக்கத்தையும் கொண்டு துணியப்படுவது. துணிவு பிழைத்தால் கல்வெட்டு ஒரு காலப் பகுதியிலிருந்து மற்றொன்றிற்குத் தாவிவிடும். தற்செயலான அளவைப் பிழை ஒட்டுறவை மெய்யளவினும் குறைத்துக் காட்டும் என்பதைச் சார்லஸ் ஸ்பியர்மன் 1904இல் விளக்கினார். ஆகவே, ஒரு நிலப்பகுதியில் கெழு குறைந்திருப்பது அங்குத் தொடர்பு இல்லாமையாலா, அன்றி அங்குள்ள கல்வெட்டுகளின் காலம் தெளிவுபடாமையாலா என்பதையும் வினவுதல் வேண்டும்.

இவற்றோடு, எண்ணுக்கு அடங்காத கல்வெட்டுகளும் உண்டு. குடுமியான்மலை இசைக் கல்வெட்டு அட்டவணையில் ஒன்று. திருமெய்யத்தில் சிவன் கோயிலுக்கும் திருமால் கோயிலுக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய வழக்கு, 1245இல் போசளத் தண்டநாயகன் அப்பண்ணன் முன்னிலையில் தீர்க்கப்பட்டதைக் கூறும் கல்வெட்டும் அட்டவணையில் ஒன்றே. ஒரு விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தியும் ஒன்றே. மூன்றும் நிகராகும் இடம் அட்டவணை மட்டுமே. அவற்றைப் பிரித்தறிவது படிப்போர் பொறுப்பு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் போதரும் முடிபுகள் இவை. ஒட்டுறவுக் கெழுக்களைத் தொகுக்கும் முறை, 1904இல் தோன்றிய காலந்தொட்டே, சராசரியையும் அதனுள் அடங்கிய வேறுபாட்டையும் ஒருங்கே ஆராய்வது. மென்பொருள் இவ்விரண்டையும் தரவல்லது. ஆயின், எவை ஒரே இனத்தன, எவை தனிச் சான்றுகள், எந்தக் காலத்தன என்பவற்றை அது அறியாது. அவற்றை அறிவிப்பது எழுத்தும் சொல்லும் பொருளும் கற்ற ஆய்வாளரின் வேலை.

எனவே, கல்வெட்டுகளைக் கணக்கிட்டு முடிவு கூறும் ஆய்வேடுகள் நான்கனைத் தவறாது அச்சிடுதல் வேண்டும்: எண்ணிய கல்வெட்டுகளின் முழுப் பட்டியல், நிலப்பகுதிதோறும் கெழுவும் ஊர்த்தொகையும், ஒருமைப்பாட்டுச் சோதனையின் விடை, காலம் ஐயத்திற்குரிய கல்வெட்டுகளை நீக்கியும் சேர்த்தும் கண்ட இரு கணக்குகள். பட்டியல் இருப்பின், பின்வருவோர் தம் கெழுவை முன்னையோர் கெழுவுடன் முறையாகத் தொகுக்க இயலும். இல்லையேல் ஒவ்வொருவரும் மீண்டும் முதற்கல்லிலிருந்தே தொடங்க நேரும். புதுக்கோட்டையின் 1130 கல்வெட்டுகளையும் சோழநாட்டுப் பெருந்தொகையில் கரைத்துவிடாது, தனி வரிசையில் நிறுத்தி ஒப்புநோக்குவதே இம்மாவட்ட வரலாற்றுக்கு நீதி செய்வதாகும். படுகை நாட்டோடு அது ஒத்துவரினும் ஒரு முடிபு. மாறுபடினும் ஒரு முடிபு. எது என்பதைக் கல்லே கூறுதல் வேண்டும். சராசரி கூறுதல் ஆகாது.